ஓங்கிய கை நிற்கும் இடம்

2021 ஆகஸ்ட் 7ஆந் திகதி, டோக்கியோவின் நிப்பொன் புடோகன் அரங்கில், ஒலிம்பிக் கராத்தேயில் ஆண்களுக்கான 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப் போட்டி நடந்தது. சவூதி அரேபியாவின் தாரிக் ஹமிதி 4க்கு 1 என்று முன்னணியில் நின்றபோது அவர் வீசிய உதை ஈரானின் சஜாத் கஞ்ச்சாதேயின் தலைப்பக்கம் விழுந்தது. ஈரானியர் நினைவு தப்பிச் சாய்ந்தார். ஸ்ட்ரெச்சரில் வைத்து வெளியே கொண்டுபோனார்கள். நடுவர்கள் கூடிப் பேசி, தூக்கிச் செல்லப்பட்டவருக்கே தங்கப் பதக்கம் என்று முடிவு சொன்னார்கள். அடித்தவர் அளவு மீறிவிட்டார் என்பது தீர்ப்பு. கிக்பொக்சிங் மேடையில் இதே அடிக்கு வெற்றி கிடைத்திருக்கும். கராத்தேயில் அந்த அடியே தங்கத்தைப் பறித்தது.

விளையாட்டை அறியாதவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் இந்தப் போட்டி முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. முஷ்டி முழு வேகத்தோடு புறப்பட வேண்டும். குறி தப்பக் கூடாது. போய்ச் சேரும் இடத்தில் தொட்டும் தொடாமலும் நின்றுவிட வேண்டும். நிறுத்தத் தெரிந்தவருக்கே புள்ளி. 1922இல் ஒக்கினாவாவிலிருந்து டோக்கியோ போய் இந்தக் கலையைத் தலைநகரத்தாருக்குச் செய்து காட்டிய கிச்சின் ஃபுனாகோஷி, கராத்தேக்காரனுக்கு முதல் அடி கிடையாது என்பதைத் தம் மாணவருக்கு வைத்த நெறிகளில் ஒன்றாக்கினார். இங்கேதான் சினிமா திண்டாடுகிறது. அடி விழுவதைக் காட்டிக் காசு பார்க்கும் தொழில் அது. விழாத அடியை அது எப்படிக் காட்டும்? இந்தக் கேள்வியை நேரில் எதிர்கொண்ட படங்களே பார்க்கத் தகுந்த கராத்தே படங்கள் என்பது என் வாதம். மற்றவற்றில் நல்ல சண்டை இருக்கலாம். கராத்தே அங்கே உடுப்பாக மட்டும் வந்துபோகும்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் கராத்தே புதினமான விசயமில்லை. பாடசாலை மண்டபங்களில் வெள்ளை உடுப்போடு பிள்ளைகள் வரிசையாக நின்று, ஜப்பானிய மொழியில் எண் சொல்லிக் காற்றில் குத்துவது எல்லாருக்கும் பழகிய காட்சி. படங்களும் அப்படியே. தியேட்டரிலும் பிறகு வாடகைக்கு எடுத்த டெக்கிலும் பார்த்த புரூஸ் லீ முதல் ஜாக்கி சான் வரை அத்தனையையும் 'கராத்தே படம்' என்று ஒரே கணக்கில் போட்டுவிட்டோம். அவற்றில் பெரும்பாலானவை சீனத்துக் குங்ஃபூ என்பதோ, ஒக்கினாவாவின் கராத்தே வேறொரு மரபு என்பதோ அப்போது யாருக்கும் பெரிய காரியமாகப் படவில்லை. ஜப்பானில் ஷோட்டோக்கான், கோஜு ரியு, ஷிட்டோ ரியு, வாடோ ரியு என்று பெரும் பிரிவுகள் இருப்பதும், ஒவ்வொன்றும் நிற்கும் நிலையையும் மூச்சையும் வேறு வேறு விதமாகக் கையாள்வதும் படம் பார்க்கும்போது தெரியாவிட்டால் குடி முழுகிவிடாது. தெரிந்தால் சில படங்கள் இரட்டிப்பாக இனிக்கும்.

சண்டையைப் பார்ப்பதில் இந்தப் பகுதிக்குக் கராத்தேயைவிடப் பழைய பழக்கம் ஒன்று உண்டு. படுவான்கரை ஊர்களில் வடமோடிக் கூத்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். பாரதப் போரும் இராமாயணப் போரும் வட்டக்களரியில் நடக்கும். பார்ப்பவர்கள் நாலு பக்கமும் இருப்பார்கள். பாத்திரங்களைப் பிரித்துச் சட்டம் கொடுத்த நாள் தொடங்கி மாதக் கணக்கில், கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஆடிப் பழகி, சதங்கை அணிந்து, அதன் பிறகே அரங்கேற்றம். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்த பேராசிரியர் சி. மௌனகுரு இந்த ஆட்ட முறைகளை விரிவாகப் பதிந்து வைத்திருக்கிறார். களரியில் வீரனின் வாள் எதிரியின் மேல் படுவதில்லை. ஆனால் எந்தத் திசையில் இருந்து பார்த்தாலும் காலடி சரியாக இருக்க வேண்டும். தாளம் தப்பினால் பின்னால் இருக்கிற கிழவி கூடக் கண்டுபிடித்துவிடுவார். ஒளிக்க மூலை இல்லாத மேடை அது. முஸ்லிம் ஊர்களில் சிலம்பத்தோடு வழங்கிவந்த சீனடியிலும் இந்த ஒழுங்கைக் காணலாம். பயின்ற உடம்பு என்ன செய்கிறது என்பதை முழுசாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பார்வை இங்கே ஏற்கனவே இருக்கிறது. கராத்தே படத்துக்கும் அதே பார்வையைக் கொண்டுபோகலாம்.

கூத்துச் சண்டை பொய்ச் சண்டைதானே, அதை வைத்துக் கராத்தேயை அளப்பதா என்று கேட்கலாம். சினிமாச் சண்டையும் பொய்தான். வித்தியாசம், பொய்யை எங்கே வைக்கிறார்கள் என்பதில். பெரும்பாலான சண்டைப் படங்களில் கமரா முகத்துக்குக் கிட்டப் போகும், காட்சி அரை விநாடிக்கு ஒரு தரம் வெட்டப்படும், சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கும். நடிகருக்குக் கால் தூக்கத் தெரியாது என்பதை அந்த வெட்டுகள் மறைக்கும். கராத்தேயின் அடிப்படைப் பயிற்சியான 'காட்டா' இதற்கு நேர் எதிரானது. எதிராளி இல்லாமல், வகுத்த வரிசைப்படி, தனியே செய்யும் அடியும் தடையும். கால் வைத்த இடம், இடுப்புத் திரும்பிய கோணம், மூச்சு விட்ட நேரம் எல்லாமே கணக்கு. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான காட்டாவில் தங்கம் வாங்கிய ரியோ கியுனா ஒக்கினாவாக்காரர். அவருடைய இறுதிச் சுற்றைப் பார்த்தால் சண்டைக்கு எதிராளி தேவையா என்றே சந்தேகம் வரும். ஆகவே ஒரு படத்தைப் போட்டதும் நான் முதலில் தேடுவது, தலை முதல் கால் வரை உடம்பு சட்டகத்துக்குள் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைத்தான்.

திரையில் கராத்தே முதலில் வில்லனின் கலையாக வந்தது. அகிரா குரோசவாவின் முதல் படம் 'சன்ஷிரோ சுகாட்டா' 1943இல் வெளியானது. ஜூடோ கற்கும் இளைஞனின் கதை. 1945இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவனைப் பழிவாங்க வரும் சகோதரர்கள் கராத்தேக்காரர்கள். போர்க்காலப் பிரசாரம் மண்டிய படம், முதற் பாகத்தின் பக்கத்தில் வைக்க முடியாதது. ஆனாலும் அதன் கடைசிப் பகுதியைத் தவறவிடக் கூடாது. பனியில் நடக்கும் மோதலில் தோற்ற மூத்தவனையும் நோயாளியான இளையவனையும் சன்ஷிரோவே பராமரிக்கிறான். இரவில் அவன் தூங்கும்போது கொல்லக் கிட்டப் போகும் இளையவன், தூக்கத்தில் சிரிக்கும் அந்த முகத்தைப் பார்த்துக் கையைத் தாழ்த்திவிடுகிறான். கராத்தே முக்கிய இடம் பெற்ற மிகப் பழைய படங்களில் ஒன்றிலேயே, நினைவில் நிற்பது அடிக்காமல் விட்ட கைதான். பிறகு ஹொங்கொங் படங்களிலும் கராத்தேக்காரர் வில்லனாகவே இருந்தார்கள். 1972இல் வந்த புரூஸ் லீயின் 'ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி'யில் ஷங்காய் நகரத்து ஜப்பானியப் பயிற்சிக் கூடத்தை அவர் தனியாளாகத் துவம்சம் செய்யும் காட்சியை ரசிக்காதவர் குறைவு. அதில் கராத்தே ஆக்கிரமிப்பாளனின் அடையாளம், அவ்வளவுதான். புரூஸ் லீ படங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவை வேறு பட்டியலுக்கு உரியவை.

எழுபதுகளில் ஜப்பானின் டோயி நிறுவனம் இந்த வியாபாரத்தில் இறங்கியபோது கிடைத்தவர் சொனி சிபா. 2021இல் கொவிட் தொற்றால் காலமான இவர், மாஸ் ஒயாமாவின் கியோக்குஷின் பள்ளியில் முறையாகப் பயின்று கறுப்புப் பட்டி பெற்றவர். 1974இல் வந்த 'த ஸ்ட்ரீட் ஃபைட்டர்' படத்துக்கு அமெரிக்காவில் வன்முறைக்காகவே 'எக்ஸ்' தரச் சான்று கொடுத்தார்கள். மண்டையில் விழும் குத்தை எக்ஸ்ரே படமாகக் காட்டும் காட்சி அதில் உண்டு. என் வாதத்துக்கு இதைவிட வலுவான எதிர்ச்சான்று கிடையாது: அளவே இல்லாத படம், அடிகள் அத்தனையும் போய்ச் சேர்கின்றன, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. ஏன்? என்னைக் கேட்டால், அடிகளுக்கு இடையே சிபா மூச்சை இழுத்து நெஞ்சை இறுக்கி வெளிவிடும் அந்தக் கணங்கள்தான் காரணம். ஒக்கினாவாவின் சன்சின் காட்டாவில் உள்ள மூச்சுப் பயிற்சியை அவர் பூதாகரமாக்கிக் காட்டுகிறார். அடி எப்போது வெடிக்கும் என்று நம்மைக் காக்கவைப்பது அந்த இறுக்கம். சிறுவர்களோடு சேர்ந்து பார்க்கக்கூடிய படமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே சிபா, தம் குருவின் வாழ்க்கையையே நடித்த மூன்று படங்கள் இன்னும் சுவையானவை. 1975இல் இரண்டு, 1977இல் ஒன்று. முதலாவது ஆங்கிலத்தில் 'கராத்தே புல்ஃபைட்டர்' என்று அறியப்படுவது. ஒயாமா 1923இல் பிறந்த கொரியர். ஜப்பானில் வாழ்ந்து, 1964இல் கியோக்குஷின் அமைப்பை நிறுவி, 1994இல் மறைந்தவர். முகத்தில் கையால் குத்துவதைத் தவிர மற்ற அடிகளை முழுப் பலத்தோடு போட அனுமதிக்கும் பள்ளி அவருடையது. கராத்தே என்றால் அடியை நிறுத்துவது என்று பொதுவாகச் சொல்வதை அவர் ஒப்பமாட்டார். அது ஆட்டம், சண்டையல்ல என்பது அவர் கட்சி. வெறுங்கையால் காளையோடு மோதியவர் என்ற புகழைப் படம் பெரிதாகவே காட்டுகிறது. மிருகங்களின் மேல் இரக்கம் உள்ளவர்களுக்கு அந்தப் பகுதி உவப்பாக இராது. ஆனால் காளைக்குப் பிறகு கதை வேறு பக்கம் திரும்புகிறது. ஒயாமா தன்னைத் தாக்க வந்த ஒருவனைக் கொன்றுவிடுகிறார். பிறகு அந்த மனிதனின் விதவையும் மகனும் இருக்கும் பண்ணைக்குப் போய், வெறுப்பைச் சகித்துக்கொண்டு, கராத்தேயைக் கைவிட்டு வேலைக்காரனைப் போல் உழைக்கிறார். முழுப் பலத்தோடு அடி என்று சொன்ன மனிதரின் கதைக்குக் கூட, அடித்த கை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் அந்தக் காலமே நடுப்பகுதியாக அமைந்துவிட்டது. ஒயாமாவின் கதையைக் கொரியர்கள் தம் பக்கத்திலிருந்து 2004இல் 'ஃபைட்டர் இன் த விண்ட்' என்று எடுத்தார்கள். ஒளிப்பதிவு அழகு, ஜப்பானில் கொரியன் பட்ட அவமானத்தையும் சிபா படங்களைவிட நேராகச் சொல்கிறது. காட்சி வெட்டுதான் அவசரம்.

இனி எல்லாரும் எதிர்பார்க்கும் படத்துக்கு வருவோம். 1984இல் ஜோன் ஜி. அவில்ட்சன் இயக்கிய 'த கராத்தே கிட்' படத்தைப் பிள்ளைப் படம் என்று ஒதுக்குவது கராத்தே பழகியவர்களிடம் ஒரு நாகரிகமாகவே இருக்கிறது. அவர்கள் சொல்லும் குறைகள் எனக்கும் தெரியும். கார் துடைத்தும் வேலிக்கு வர்ணம் அடித்தும் யாரும் கறுப்புப் பட்டிக்காரன் ஆவதில்லை. சில மாதத்தில் கற்றுக்கொண்டு போட்டியில் வெல்வது நடக்காத காரியம். நாயகன் ரால்ஃப் மச்சியோவின் உதைகள் சாதாரணமானவை. எல்லாம் உண்மை. ஆனால் திரைக்கதை எழுதிய ரொபர்ட் மார்க் கேமன் கோஜு ரியு பயின்றவர். ஆசான் பாத்திரத்துக்கு அவர் வைத்த மியாகி என்ற பெயர் அந்தப் பிரிவை நிறுவிய சோஜுன் மியாகியுடையது. எழுதியவருக்குப் பயிற்சியின் சலிப்பு தெரிந்திருக்கிறது. எதற்கென்று சொல்லாமல் ஒரே அசைவை ஆயிரம் தரம் செய்யச் சொல்வது, பையன் பொறுமை இழந்து கத்துவது, அந்த நேரம் ஆசான் சரமாரியாக அடியை வீச அத்தனையையும் அவன் கை தானாகவே தடுப்பது. சினிமாவில் பயிற்சியைப் பற்றி வந்த மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று அது. அதில் யார் மேலும் ஓர் அடி கூட விழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

படத்தை உயர்த்திய இன்னொரு காட்சியில் சண்டையே இல்லை. மியாகி குடித்துவிட்டுத் தன் மனைவியின் நினைவில் புலம்புகிறார். இரண்டாம் உலகப் போரில் அவர் அமெரிக்கப் படையில் சண்டையிட்டுக்கொண்டிருக்கும்போதே, ஜப்பானியர் என்பதற்காக அமெரிக்கா அடைத்து வைத்த மன்சனார் முகாமில் அவருடைய மனைவியும் பிறந்த குழந்தையும் இறந்துபோனார்கள். நடித்த பாட் மொரிட்டாவே சிறுவயதில் அப்படியொரு முகாமில் அடைக்கப்பட்டவர். கதையின் வேகத்தைக் குறைக்கிறது என்று இந்தக் காட்சியை எடுத்துவிட நிறுவனம் விரும்பியதும், இயக்குநர் விடாப்பிடியாக வைத்திருந்ததும், மொரிட்டாவுக்குத் துணை நடிகருக்கான ஒஸ்கார் பரிந்துரை கிடைத்ததும் அறிந்த செய்திகள். வெள்ளைக்காரப் பையனுக்குச் சேவகம் செய்யவே படைத்த கீழைத்தேயக் கிழவன் என்று இந்தப் பாத்திரத்தைக் குறை சொல்லும் விமர்சனம் உண்டு. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் முகாம் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாத கிழக்கு மாகாணத்துப் பார்வையாளருக்கு அந்தக் கிழவன் சேவகனாகத் தெரியமாட்டார். அவ்வளவு இழப்புக்குப் பிறகும் அவர் கையை ஏன் ஓங்குவதில்லை என்ற கேள்வியே மனதில் நிற்கும்.

படம் தடுக்கி விழும் இடம் அதன் புகழ்பெற்ற முடிவுதான். ஒற்றைக்காலில் கொக்குப் போல் நின்று முகத்தில் விட்ட உதையால் பையன் கோப்பையை வெல்கிறான். 2021இல் தலைக்கு விட்ட உதைக்குத் தங்கத்தை இழந்த ஹமிதி அதைப் பார்த்தால் என்ன நினைப்பாரோ! கேமனும் இந்தக் குறையை உணர்ந்திருக்க வேண்டும். முதற் படத்தின் முடிவாக எழுதி வைத்திருந்த காட்சியொன்று 1986இல் வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கமாக வருகிறது. போட்டி முடிந்த இரவு, தோற்ற மாணவனின் கழுத்தை நெரிக்கும் எதிர்ப்பள்ளி ஆசானை மியாகி மடக்கி முழங்காலில் நிறுத்துகிறார். இரக்கம் காட்டாதே என்று மாணவருக்குப் படிப்பித்த மனிதன் அவன். மியாகியின் கை ஓங்கி வருகிறது, முகத்தருகில் நிற்கிறது, மூக்கை ஒரு தரம் அமுக்கிவிட்டுத் திரும்புகிறது. முதற் படத்தின் கொக்கு உதையைவிட இந்த மூக்குப் பிடியே கராத்தே. 2010இல் ஜாக்கி சானை வைத்து அதே பெயரில் எடுத்த படத்தில் பையன் பீஜிங்கில் குங்ஃபூ கற்கிறான். நல்ல படம்தான், பெயரைத் தவிர.

இந்த வரிசையில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலானது 2007இல் ஷுன்இச்சி நகசாக்கி இயக்கிய 'குரோ ஓபி'. கறுப்புப் பட்டி என்று பொருள். நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத படம். 1932ஆம் ஆண்டு, ஜப்பானின் கியுஷு தீவில் காட்டோரம் ஒரு சின்னப் பயிற்சிக் கூடம். ஒரு குரு, மூன்று சீடர்கள். கூடத்தைத் தனக்கு எடுத்துக்கொள்ள இராணுவப் பொலிஸ் வருகிறது. குரு இறந்துபோகிறார். அவருடைய கறுப்புப் பட்டி யாருக்கு என்பது முடிவாகவில்லை. நடிகர்களைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே படத்தின் நேர்மை தெரிகிறது. தைக்கானாக வரும் தட்சுயா நாக்கா ஷோட்டோக்கான் ஆசிரியர். கிரியுவாக வரும் அக்கிஹித்தோ யாகி, சோஜுன் மியாகியின் நேரடி மாணவரான மெய்தொக்கு யாகியின் பேரன். கோஜு ரியு அவருக்குக் குடும்பச் சொத்து. மூன்றாமவர் யுஜி சுசுக்கி கியோக்குஷினில் இருந்து வந்தவர். நடிப்பு சில இடங்களில் மரக்கட்டையாக இருப்பதை மறுக்க முடியாது. ஆனால் அசையாமல் நிற்பது எப்படி என்று இவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த நடிகருக்கும் தெரியாது.

அடிக்கக் கூடாது என்ற குருவின் கட்டளையைத் தைக்கானும் கிரியுவும் இரண்டு விதமாக எடுத்துக்கொள்வதுதான் கதை. தைக்கான் இராணுவத்தோடு போய், ஒவ்வொரு பயிற்சிக் கூடமாகச் சவால் விட்டு வெல்கிறான். தொடக்கத்தில் அவனுக்குத் தேவை தன் கலையின் பலத்தை அறிவது மட்டுமே. அவன் வென்ற கூடங்களையெல்லாம் அதிகாரிகள் தம் லாபத்துக்குச் சுருட்டுவது பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது. கிரியு எதிர்ப் பக்கத்துக்குப் போய்விடுகிறான். அடிக்கக் கூடாது என்ற கட்டளையை அவன் அவ்வளவு கடுமையாகப் பிடித்துக்கொள்வதால், தன்னைக் காப்பாற்றிய ஏழைக் குடும்பத்துக்கு அநியாயம் நடக்கும்போதும் அடி வாங்கிக்கொண்டு நிற்கிறான். இங்கே படம் எளிய அறப்போதனையிலிருந்து விலகிவிடுகிறது. அடிப்பவன் கெட்டவன், அடிக்காதவன் நல்லவன் என்று பிரித்துக் கொடுக்காமல், தைக்கானின் வெறியும் கிரியுவின் விரதமும் ஒரே தவறின் இரு பக்கங்களாக இருக்கலாமோ என்று நம்மைத் தடுமாற வைக்கிறது.

சண்டைகள் குறுகியவை, அலங்காரமற்றவை. வாளோடு வருபவனைக் கிரியு தடைகளாலேயே செயலிழக்கச் செய்யும் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். கை எங்கே புறப்பட்டது, எங்கே நின்றது என்பது முழுமையாகத் தெரியும். கமரா அவசரப்படாமல் தள்ளி நின்றே பார்க்கிறது. கடைசியில் இரு சீடர்களும் மோதும் நீண்ட சண்டையில் இருவரும் களைத்துத் தள்ளாடுகிறார்கள். வீரசாகசம் எதிர்பார்த்து வந்தவருக்கு அது ஏமாற்றம். ஆனால் நாலு பக்கத்திலிருந்தும் பார்க்கப் பழகிய களரிக் கண்ணுக்கு அதில் ஒவ்வொரு காலடியும் பேசும். மெதுவாக நகர்கிறது என்ற குறையை ஒத்துக்கொள்கிறேன். முதல் அரை மணி நேரத்தைப் பொறுத்துக்கொண்டால் போதும்.

தமிழ்ப் படங்களுக்கு இந்தக் கணக்கில் எங்கே இடம்? 1983இல் ஏவிஎம் தயாரித்து எஸ். பி. முத்துராமன் இயக்கிய 'பாயும் புலி'யில் ரஜினிகாந்த் தற்காப்புக் கலை பயில்வது ஹொங்கொங்கின் 'த 36த் சேம்பர் ஒஃப் ஷாவோலின்' படத்தின் சாயல். 1978இல் வந்த அந்த மூலப் படத்தில் பயிற்சியே கதை. படத்தின் நடுப்பகுதி முழுவதும் ஒவ்வொரு கூடமாக ஏறுவதிலேயே போகிறது. தமிழில் அதே பயிற்சி பழிவாங்கலுக்கான சீட்டாகச் சுருங்கிவிட்டது. 2001இல் வந்த 'பத்ரி'யில் கராத்தே ஆசிரியர் ஷிஹான் ஹுசைனியே பயிற்றுநராக வருகிறார். பயிற்சி அங்கே ஒரு பாட்டின் நீளம். 2011இன் 'ஏழாம் அறிவு' போதிதர்மரைக் காஞ்சிபுரத்துத் தமிழராகக் காட்டி, குங்ஃபூவே அவர் கொடுத்தது என்று பெருமை கொண்டது. போதிதர்மரையும் ஷாவோலின் சண்டைக் கலையையும் இணைக்கும் கதை அவருக்குப் பல நூற்றாண்டு பிந்திய சீன நூல்களிலேயே தலைகாட்டுகிறது என்பது வரலாற்றாசிரியர் கருத்து. நம் கூத்துக் களரிக்கும் சீனடிக்கும் பெருமை தேட அந்தக் கதை வேண்டியதில்லை.

இந்தியாவில் எடுத்தவற்றில் எனக்குப் பிடித்தது இந்திப் படம் ஒன்று: வாசன் பாலா இயக்கிய 'மர்த் கோ தர்த் நஹி ஹோத்தா', 2018. டொரன்டோ விழாவின் நள்ளிரவுப் பிரிவில் பார்வையாளர் விருது வாங்கியது. பிறவியிலேயே வலி தெரியாத பையன் பழைய வீடியோக் கசெட்டுகளைப் பார்த்தே சண்டை பழகுகிறான். அவனுடைய கனவு நாயகன், ஒற்றைக் காலோடு நூறு பேரை எதிர்த்து நின்ற கராத்தே மணி. எழுபது எண்பதுகளின் தமிழ்ப் படங்களில் சண்டையிட்ட கராத்தே மணியை நம் வாசகர் பலருக்கு நினைவிருக்கும். நூறு பேரோடு தொடர்ந்து மோதும் சோதனை ஒயாமாவின் பள்ளியில் உண்மையிலேயே உள்ளது. வேடிக்கைக்கு நடுவே படம் கூரான கேள்வியொன்றை வைக்கிறது: வலி என்னவென்று தெரியாதவனுக்கு, தன் அடி அளவு மீறியது எப்படித் தெரியும்?

என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடியவற்றில் மிகக் கனமானது கராத்தேயைப் பற்றியதே அல்ல. கையை அடக்கு என்று யாருக்குச் சொல்கிறோம்? முப்பது வருடப் போரில் அடிபட்ட ஊர்களில், வீட்டுக்குள்ளும் பஸ்ஸிலும் பெண்கள் தொல்லைப்படும் இடத்தில், அடக்கத்தைப் புகழும் கலை அடிப்பவனுக்குத்தானே வசதி? மகளைக் கராத்தேக்கு அனுப்பும் தாய், பிள்ளை திருப்பி அடிக்கப் பழக வேண்டும் என்றுதானே அனுப்புகிறாள்? கேள்வி சரி. அதற்கான பதிலும் அதன் உள்ளேயே இருக்கிறது. அடிக்கத் தெரியாதவர் அடிக்காமல் இருப்பதை யாரும் அடக்கம் என்று சொல்வதில்லை, அது இயலாமை. நிறுத்துவதற்கு முதலில் அடி வேண்டும். 2009இல் வந்த 'ஹை கிக் கேர்ள்' படத்தின் நாயகி ரினா தக்கேடா, ஒக்கினாவாவின் ஷோரின் ரியுவில் கறுப்புப் பட்டி பெற்றவர். கதை ஒரு தபால் தலையில் எழுதிவிடலாம். ஆனால் உதை ஒவ்வொன்றும் உண்மையாகவே படுகிறது. அதை உடனே மெதுவாகத் திரும்பவும் போட்டுக் காட்டுகிறார்கள். குரோ ஓபியின் தட்சுயா நாக்கா இங்கே அவளுடைய ஆசான். கறுப்புப் பட்டிக்காரர்களைத் தேடித் தேடி வீழ்த்தும் அவளுக்கு, ஏன் இன்னும் பட்டி கொடுக்கவில்லை என்பது அவர் கடைசியில் வந்து சண்டையிடும் நிதானத்தைப் பார்த்தால் புரியும். பதினேழு வயதுப் பிள்ளைகளோடு பார்க்க இதைவிட உற்சாகமான படம் இல்லை.

கராத்தே வகுப்பே அடாவடியின் பள்ளிக்கூடமாக மாறும் ஆபத்தையும் சினிமா தொடாமல் விடவில்லை. 2019இல் ரைலி ஸ்டேர்ன்ஸ் எடுத்த 'தி ஆர்ட் ஒஃப் செல்ஃப் டிஃபென்ஸ்' படத்தில் வீதியில் அடிபட்ட பயந்த மனிதன் ஒருவன் பயிற்சிக் கூடமொன்றில் சேர்கிறான். பட்டியின் நிறம் ஏற ஏற அவன் மனிதத்தன்மை இறங்குகிறது. ஜெஸி ஐசன்பெர்க் நடித்த கறுப்பு நகைச்சுவை; பெரியவர்களுக்கு மட்டும். 2018 முதல் 2025 வரை ஓடிய 'கோப்ரா காய்' தொடரும் இதே பிரச்சினையைப் பதின்ம வயதினர் மட்டத்தில் கையாண்டது. முதல் இரண்டு பருவங்களுக்குப் பிறகு அதில் சண்டை கூடி, யோசனை குறைந்துவிட்டது.

எதில் தொடங்குவது என்று கேட்பவருக்கு: வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கராத்தே கிட்டின் முதல் இரண்டு பாகங்களையும் இடைவெளி விடாமல் பாருங்கள், கொக்கு உதையும் மூக்குப் பிடியும் அடுத்தடுத்து வர வேண்டும். தனியே பார்ப்பவர் முதல் நாள் சிபாவின் 'கராத்தே புல்ஃபைட்டர்', மறுநாள் 'குரோ ஓபி' என்று வைத்துக்கொள்ளலாம். முந்தியதில் நரம்பு முறுக்கேறும், பிந்தியதில் அந்த முறுக்கின் விலை தெரியவரும். வரிசையை மாற்றிப் போட்டால் சிபா சப்பென்று ஆகிவிடுவார். குரோசவாவின் 1945ஆம் ஆண்டுப் படத்தைக் கடைசிக்கு வைத்திருங்கள். அதன் முற்பகுதியில் அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரனை வைத்துச் செய்யும் பிரசாரத்தை வேகமாக ஓட்டிவிட்டு, பனிச் சண்டையிலிருந்து கடைசி வரை நிதானமாகப் பார்த்தால் போதும்.